கீழ இருந்தவங்களையும் செய்வோம்

போன வருசம் எங்க வீட்டுக் கல்யாணம் ஒண்ணுக்குப் பெரியம்மா கிளிநொச்சியிலிருந்து வந்திருந்தாங்க. அம்மாவோட மூத்த அக்கா. 1977 கலவரத்துக்குப் பிறகு இந்தப் பக்கத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன எத்தனையோ குடும்பங்கள்ல அவங்க குடும்பமும் ஒண்ணு. இன்னமும் வத்தேகமன்னு சொல்ல மாட்டாங்க, வத்துகாமம்தான்.

என் மேசையில அப்ப ஒரு விமானம் பாதி முடிஞ்சு நின்னுச்சு. கட்டார்ல வேலை செய்யிற மாமா கொண்டு வந்து தந்த இத்தாலேரி கம்பனியோட கிபிர் கிட். அளவு 1/72. உண்மையான கிபிர் நீளம் 15.65 மீற்றர், என் மேசையில அது 22 சென்ரிமீற்றர்கூட இல்லை. மேல்பக்கத்துக்கு மட்டும் மூணு இரவு செலவழிச்சிருந்தேன். டேப் ஒட்டி, நிறம் அடிச்சு, காய விட்டு, மறுபடி ஒட்டி. அடிப்பக்கத்துக்கு ஒரே பூச்சு சாம்பல் நிறம், அவ்வளவுதான். அலுமாரித் தட்டுல வைச்சா அடிப்பக்கத்தை யாரு பார்க்கப் போறாங்க?

பெரியம்மா பெயரைக் கேக்கவேயில்லை. கையில எடுத்து அப்படியே திருப்பி அடிவயித்தைப் பார்த்தாங்க. "கிபிர்தானே?"ன்னாங்க. திரும்ப நிமித்தி, "மேல இப்படியா இருக்கும்? இப்பத்தான் பாக்குறேன்"ன்னு சொல்லிட்டு வைச்சுட்டாங்க. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. பிறகு மண்டபத்துக்குப் போற வேலையைப் பார்த்தாங்க.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வசனத்தால எழுதுறது.

மாடல் கட்டுற பழக்கம் இல்லாதவங்களுக்காகச் சுருக்கமா சொல்றேன். பெட்டிக்குள்ள பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும். அதுல இறக்கை, சில்லு, கதிரை, விமானி என்று பாகங்கள் ஒட்டிக்கிட்டு இருக்கும். வெட்டி எடுத்து, அரம் போட்டு, பசை வைச்சு ஒட்டி, நிறம் பூசணும். 1/72 என்றால் ஆறு அடி மனிதன் ஒரு அங்குலம். இங்கிலாந்தில் ஃப்ரொக் கம்பனி 1936லேயே இந்த அளவில் பிளாஸ்டிக் விமானங்களை விற்றது. எயார்ஃபிக்ஸ் தன் முதல் விமானமான ஸ்பிட்ஃபயரைக் கொண்டு வந்தது 1953இல். அதுக்குப் பிறகு உலகம் முழுக்க இலட்சக்கணக்கான பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில பசையைக் கொட்டி அம்மாவிடம் ஏச்சு வாங்கியிருக்காங்க.

இந்த அளவுக்கு ஒரு போர்க்காலக் கதையும் இருக்கு. 1942இல் அமெரிக்கக் கடற்படை பாடசாலை மாணவர்களிடம் 5 இலட்சம் விமான மாடல்கள் கேட்டது. அளவு 1/72. மரத்தில் செதுக்கிக் கறுப்பு நிறம் பூசினது. வானத்தில் வருவது நம்முடையதா எதிரியுடையதா என்று சிப்பாய்களுக்குப் பழக்கத்தான். அதாவது விமானத்தை அடையாளம் காணுறது காசு செலவழிச்சுச் சொல்லிக் குடுக்க வேண்டிய ஒரு படிப்பா இருந்திருக்கு.

எங்க ஆட்கள் அந்தப் படிப்பை மாடல் இல்லாமலே படிச்சாங்க. சியாமாசெட்டி, புக்காரா, சகடை, மிக், வேவு பார்க்கிற வண்டு. ஐந்து வயசுப் பிள்ளைக்கும் சத்தம் வித்தியாசம் தெரியும். 1996இல் இலங்கை விமானப்படைக்குக் கிபிர் வந்த பிறகு அந்தப் பெயரே ஒரு எச்சரிக்கையா மாறிச்சு. "கிபிர்!"னு ஒருத்தர் கத்தினா எல்லாரும் ஓடணும். இஸ்ரேல் தயாரிப்பு, பிரான்ஸின் மிராஜ் உடம்புக்குள்ள அமெரிக்க எஞ்சின், ஹீப்ரு மொழியில் கிபிர் என்றால் சிங்கக்குட்டி. இதெல்லாம் எனக்குத் தெரியும். சத்தம் எந்தத் திசையில வந்தா எந்தப் பக்கம் படுக்கணும்னு பெரியம்மாவுக்குத் தெரியும். ரெண்டும் விமான அறிவுதான். ஆனா என் அறிவைத்தான் 'ஹொபி' என்று சொல்லிக்கிறோம்.

அன்றைக்கு ராத்திரி அந்தக் கிட்டைக் குப்பையில போடலாம்னுதான் முதல்ல நினைச்சேன். மாடல் கட்டுற ஒரு நண்பனிடம் சொன்னேன். "இது பிளாஸ்டிக் மச்சான், அரசியலைக் கலக்காதே"ன்னான். இன்னொரு தோழிகிட்ட சொன்னப்போ, "எங்க சனத்தைக் கொன்ன சாமானை எப்படிடா அலுமாரியில வைப்ப?"ன்னு கேட்டா. ரெண்டு பேரோட பேச்சையும் பல நாள் யோசிச்சுப் பார்த்தேன். ரெண்டு பேரோடயும் எனக்கு உடன்பாடு இல்லை.

முதல்ல நண்பன் சொன்னது. அரசியல் கலக்காத பிளாஸ்டிக் என்று ஒண்ணு இல்லை. எந்த விமானத்தைச் செய்யிறது, எதை விடுறது என்ற தெரிவு பெட்டியிலேயே இருக்கு. இறக்கையில குண்டு தொங்க விடுறதுக்குக் கிட்டுக்குள்ள தனிப் பாகமே வருது. அதை எங்க, எத்தனை ஒட்டணும்னு மணிக்கணக்கா இணையத்துல தேடுற நாம, அது எங்க போய் விழுந்துச்சுனு ஒரு நிமிசம்கூடத் தேடுறதில்லை. 1995 ஜூலை 9 நவாலித் தேவாலயம், 2006 ஆகஸ்ட் 14 வள்ளிபுனம் செஞ்சோலை. விமானக் குண்டுவீச்சு நடந்த இடங்கள் இவை. மாடல்காரனுக்கு நுணுக்கம்தான் பெருமை. அப்ப இந்த நுணுக்கமும் தெரிஞ்சிருக்கணும்.

இது ஒரு பக்கத்துக்கு மட்டும் சொல்ற பேச்சு இல்லை. 2007 மார்ச்சில் கட்டுநாயக்காவைத் தாக்கின புலிகளின் சிறிய ஸ்லின் விமானத்தை நாளைக்கு யாராவது பெருமையோட செய்யலாம். அதே விமானங்கள்ல ஒண்ணு 2009 பெப்ரவரி 20 இரவு கொழும்பில் இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதிச்சு. அங்கேயும் கீழ ஆட்கள் இருந்தாங்க.

அடுத்தது தோழி சொன்னது. செய்யாம விட்டா என்ன நடக்கும்? எங்க வயசுப் பிள்ளைகளுக்கு, அதுவும் மலையகத்துல வளர்ந்தவங்களுக்கு, அந்தப் பெயரே தெரியாமப் போகும். எனக்கே பெரியம்மா அந்த மாடலைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் கேக்கணும்னு தோணிச்சு. இருபது வருசமா வந்து போற மனுசிகிட்ட இதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தக் கிட் மேசையில இல்லேன்னா இன்னமும் கேட்டிருக்க மாட்டேன்.

ஆகவே விமானத்தைத் தூக்கி எறியிறது வழியில்லை. தனியா நிக்க விடுறதுதான் பிழை.

இது எங்களுக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. ஹிரோஷிமாவில் குண்டு போட்ட எனோலா கே விமானத்தை வாஷிங்டனில் இருக்கிற ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் 1995இல் காட்சிக்கு வைக்கத் திட்டம் போட்டது. விமானத்தோடு சேர்த்து, கீழே எரிந்த நகரங்களிலிருந்து வந்த பொருட்களையும் படங்களையும் வைக்கிறதுதான் முதல் எண்ணம். முன்னாள் படைவீரர் சங்கங்களும் அரசியல்வாதிகளும் எதிர்த்தாங்க. ஜனவரியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஜூனில் திறந்தப்போ விமானத்தின் முன்பகுதி பளபளன்னு நின்னுச்சு. ஹிரோஷிமா மக்களின் பொருட்கள் அங்க இல்லை. உலகத்துப் பெரிய அருங்காட்சியகம் ஒண்ணு செய்ததைத்தான் நாங்களும் அலுமாரியில சின்னதா செய்யிறோம்.

இனி உருவ பொம்மைகள் பக்கம் வாறேன். மாடல் கட்டுறவங்கள்ல பாதிப்பேர் சின்ன மனித உருவங்களுக்கும் நிறம் பூசுவாங்க. எயார்ஃபிக்ஸ் 1959இலிருந்து சிப்பாய்ப் பொம்மைகளைப் பெட்டி பெட்டியா விற்றது. தாமியாவிடம் 1/35 அளவில் பல நாட்டுச் சிப்பாய்களும் கிடைக்கும். சாதாரண சனம் வேணும்னா ஜேர்மனியின் பிரைசர் கம்பனி இருக்கு. ஆனா அவங்க ஐரோப்பிய ரயில் நிலையத்துல பெட்டியோட நிக்கிறவங்க. கொழுந்துக் கூடையோட ஒருத்தியை நான் எந்தக் கடையிலயும் பார்த்ததில்லை. தாமியா 'ஃபிளாட் ஃபிளெஷ்' என்று, அதாவது 'தோல் நிறம்' என்று விக்கிற எக்ஸ்எஃப்-15 போத்தலைத் திறந்து பாருங்க. அந்தத் தோல் எங்க வீட்டுல ஒருத்தருக்கும் இல்லை.

எங்க மரபுல இப்படி இல்லை. நவராத்திரிக் கொலுவை நினைச்சுப் பாருங்க. மேல் படியில சாமி இருக்கும். கீழ் படிகள்ல மளிகைச் சாமானோட செட்டியார், மரக்கறி விக்கிறவ, கல்யாண ஊர்வலம், மேளக்காரர். மதுரைக்குப் பக்கத்துல விளாச்சேரியில தலைமுறை தலைமுறையா இந்த மண்பொம்மைகளைச் செய்யிறாங்க. சாமியைச் செய்யிற அதே கை, அதே தூரிகையில செட்டியாரோட தொப்பையையும் செய்யுது. ஊர்ச்சனம் இல்லாமக் கொலு நிறையாது. அந்தப் புத்தி எங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு, பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்ததும் மறந்துடுறோம்.

நான் என்ன செய்தேன்னு சொல்றேன், உங்களுக்கும் உதவும். முதல்ல பெரியம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். பங்கர் எப்படி இருக்கும்னு கேட்டேன். அரை மணித்தியாலம் பேசினாங்க. ஆங்கில 'எல்' எழுத்து மாதிரி வளைச்சு வெட்டுவாங்களாம். வாசல்ல செல் விழுந்தா சிதறுற துண்டு நேரா உள்ள வராது. மேல பனங்குற்றி அடுக்கி, அதுக்கு மேல மண் மூட்டை. குசினிக்குப் பக்கத்துலதான் வெட்டினாங்களாம், அடுப்புல இருக்கிறதை விட்டுட்டு ஓட வசதியா.

பிறகு செய்தேன். மெல்லிய செப்புக் கம்பியை முறுக்கி எலும்புக்கூடு. ரெண்டு பகுதியைச் சேர்த்துப் பிசைஞ்சா இறுகிற எபொக்சிப் பட்டியால உடம்பு, சேலை மடிப்பு. பட்டி ஒட்டாம இருக்கக் கருவியைத் தண்ணியில தொட்டுக்கணும். ஐந்தடிப் பெண் 1/72இல் வெறும் 2 சென்ரிமீற்றர்தான். முகத்துல கண் வரையாதீங்க, அந்த அளவுல முழிச்ச மாதிரி வரும். நிழல் விழுற இடத்துல கடும் கபிலம் போதும். தோலுக்குச் செங்கபில நிறத்துல மஞ்சள் கொஞ்சம் கலந்து அடிப்பூச்சு, தண்ணியா கரைச்ச கடும் கபிலம் ஒரு தரம், காஞ்ச பிறகு நெத்தியிலயும் மூக்குலயும் வெளிர் நிறம். பனங்குற்றிக்கு ஈர்க்குக் குச்சி. சருகுக்குக் குடிச்சு மிஞ்சின தேயிலைச் சக்கை, நல்லா வெயில்ல காய வைச்சது. வெட்டுறதுக்குத் தனி ஆயுதம் இல்லேன்னா நெயில் கட்டர் போதும். ஒரு எச்சரிக்கை: மழை நாள்ல ஸ்ப்ரே வார்னிஷ் அடிக்காதீங்க. ஈரக்காத்துல அது பால் மாதிரி வெளுத்துடும். வத்தேகமயில இருந்துக்கிட்டு இதை நான் ரெண்டு தரம் பட்டுத்தான் படிச்சேன்.

"வேலை வெட்டி இல்லாதவன் செய்யிறது"ன்னு சிலர் சொல்லுவாங்க. "கிட் ஒண்ணு கொழுந்து பறிக்கிறவங்க பல நாள் சம்பளம்"னும் சொல்லுவாங்க. ரெண்டாவது உண்மைதான், அதை மறுக்க மாட்டேன். அதனாலதான் சொல்றேன்: கம்பியும் பட்டியும் தேயிலைச் சக்கையும் கிட் விலையில ஒரு சின்னப் பங்குகூட வராது. பெட்டியை வாங்க முடியாத பிள்ளைக்கும் இந்தப் பாதி வேலை திறந்துதான் இருக்கு. லயத்து வரிசை, பிரட்டுக்களம், மாத்தளை போற ரயில், படங்கு கட்டின அம்மா. எவ்வளவோ இருக்கு. யாரும் இன்னும் பெட்டியில போடலை.

மாடல் கட்டுற நண்பர்கள்கிட்ட நான் கேக்கிறது ஒண்ணுதான். போர் விமானம் செய்யாதீங்கன்னு சொல்லலை. செய்தா, அதோட அடிப்பக்கத்துக்கும் மேல்பக்கம் அளவு நேரம் குடுங்க. கீழ ஒரு துண்டு நிலம் செய்யுங்க. அந்த நிலத்துல ஒரு மனுசரை நிறுத்துங்க. அதுக்கு முன்னால, அந்த நிலத்துல இருந்த ஒருத்தரைத் தேடிப் பேசுங்க.

என்னுடையது முடிஞ்சதும் படம் எடுத்துப் பெரியம்மாவுக்கு வட்ஸ்அப்ல அனுப்பினேன். ரெண்டு நாள் பதில் இல்லை. பிழை செய்துட்டேனோன்னு பயந்தே போனேன். மூணாம் நாள் ஒரு குரல் பதிவு வந்துச்சு: "தம்பி, பங்கர் வாய் இவ்வளவு அகலமா இருக்காது. ஒராள்தான் நுழையலாம். பிள்ளைகளை முதல்ல விட்டுட்டுத்தான் நாங்க இறங்குவோம். பிள்ளைகளைக் காணோமே?"

வாயை ஒடுக்கிட்டேன். இப்ப பிள்ளைகளைச் செய்துக்கிட்டு இருக்கேன். ஒவ்வொண்ணும் ஒன்றரைச் சென்ரிமீற்றர்.