வாகனத்தை விசாரிப்பவர் யார்?

நமது பத்திரிகைகளின் விபத்துச் செய்திகளில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் வாக்கியம் ஒன்றுண்டு. 'வேகக்கட்டுப்பாட்டை இழந்த கார் மதிலுடன் மோதி விபத்துக்குள்ளானது' என்பதே அது. ஏ9 வீதியானாலும் பருத்தித்துறை வீதியானாலும் வாக்கியம் மாறுவதில்லை. கட்டுப்பாடு ஏன் இழக்கப்பட்டது? சாரதிக்கு நித்திரை, அல்லது வெறி, அல்லது இளமைத் துடுக்கு என்று ஊரே தீர்ப்பெழுதிவிடும். வாகனத்தின் மீது சந்தேகம் கொள்பவர் அரிது.

ஆனால் வாகனமும் குற்றவாளியாக இருக்கக்கூடும். மோதலின்போது உயிர்காக்கவென்று பொருத்தப்பட்ட காற்றுப்பை (எயார் பாக் என்றால்தான் பலருக்கும் விளங்கும்) கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரிவது. மோதலே இல்லாமல், ஓடிக்கொண்டிருக்கையில் அது விரிந்தால் முகத்தில் அடி விழும். கை ஸ்ரேறிங்கை விடும். கார் மதிலை நாடும். மறுநாட் செய்தியில் மேற்படி வாக்கியம் இடம்பெறும்.

இது கற்பனையன்று. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2015 ஜனவரி இறுதியில் ரொயோட்டா, ஹொண்டா, கிறைஸ்லர் ஆகிய நிறுவனங்களின் 21 இலட்சத்துக்கும் அதிகமான வாகனங்களின் மீளழைப்பை அறிவித்தது. காரணம், காற்றுப்பைகள் தாமாக விரிந்தமை. இவ்வாகனங்கள் முன்னரும் ஒருமுறை இதே குறைக்காக அழைக்கப்பட்டவை. திருத்திக் கொடுத்த பின்னரும் சிலவற்றில் பைகள் விரிந்தன. ஆகவே முதலாவது திருத்தம் போதாதென்று கண்டு இரண்டாவது தடவையும் அழைப்பித்தார்கள். திருத்தத்துக்குப் பின்னும் யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பதே இதில் நான் வியக்கும் செய்தி. அங்கே ஒரு சாதாரண வாகன உரிமையாளர் அனுப்பும் முறைப்பாடு பதிவாகிறது. அதையொத்த முறைப்பாடுகள் சேரும்போது விசாரணை தொடங்குகிறது.

2013 ஒக்ரோபரில் நடந்ததோ கதைபோல இருக்கும். ரொயோட்டா உலகெங்கும் எட்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை மீள அழைத்தது. குளிரூட்டியின் நீர் வடியும் குழாய் அடைபட்டு, நீர் காற்றுப்பையின் கட்டுப்பாட்டுக் கருவியில் சொட்டி, மின்னொழுக்கு ஏற்பட்டு, பை விரியக்கூடும் என்பது குறை. குழாயை அடைத்தது பெரும்பாலும் சிலந்தி வலை! சிலந்திக்கே இவ்வளவு வல்லமையென்றால், மாரிவெள்ளத்தில் ஆசனமளவு நீரில் நின்ற கார் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தகாட்டா நிறுவனத்தின் பைகள் இதனினும் கொடியவை. அவற்றில் வாயுவை உண்டாக்கும் அமோனியம் நைத்திரேற்று, வெப்பத்தாலும் ஈரப்பதனாலும் ஆண்டுக்கணக்கில் சிதைந்து, விரியும்போது உலோகக் கூட்டையே உடைத்துச் சிதறடிக்கும். நம்மைப் போன்ற காலநிலையுள்ள மலேசியாவிலும் உயிர்கள் போயின. உலகெங்கும் சுமார் பத்துக் கோடி பைகள் மீளழைப்புக்கு உள்ளாயின. 2017 இல் நிறுவனம் வங்குரோத்தானது. மாற்றப்படாத பையுள்ள கார்களுக்குத் தகுதிச் சான்றைப் புதுப்பிப்பதில்லை என்று ஜப்பானிய அரசு 2018 மேயில் கடும் நடவடிக்கை எடுத்தது.

யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடும் கார்களிற் பெரும்பங்கு ஜப்பானில் ஒருவர் பாவித்துக் கழித்தவை. மீளழைப்புக் கடிதம் ஜப்பானிலுள்ள விலாசத்துக்குப் போகும். கார் கொக்குவிலிலோ சாவகச்சேரியிலோ மூன்றாம் கைக்கு மாறியிருக்கும். 2020 முதல் 2025 வரை தனியார் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்ததால் பழைய கார்கள் பொன்போலப் பேணப்பட்டன. பேணப்பட்டது வர்ணமும் இயந்திரமும். பையை எவர் பார்த்தார்? எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தால் விளக்கைக் கழற்றிவிடும் கராஜ்களும் உண்டு. விற்கும்போது விலை குறையக்கூடாதல்லவா?

இன்று சுன்னாகத்தில் ஒரு காரின் பை தானாக வெடித்தால் உரிமையாளர் எங்கே முறையிடுவார்? பொலிஸார் மதில் உடைந்ததை எழுதுவார்கள். காப்புறுதிக்காரர் மதிப்பீடு செய்வார். கராஜ்காரர் பையை அறுத்தெறிந்துவிட்டு மூடியை ஒட்டித் தருவார். அத்துடன் சான்றும் தொலைந்தது. அடுத்த மாதம் மானிப்பாயில் அதே ரகக் காரில் அதுவே நேர்ந்தாலும் இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை.

பெருஞ் செலவை நான் கேட்கவில்லை. ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைச் சான்றிதழைக் காட்டித்தானே வருமான அனுமதிப்பத்திரம் பெறுகிறோம்? அதே வேளையில் அடிச்சட்ட இலக்கத்தை உற்பத்தியாளரின் மீளழைப்புப் பட்டியலோடு ஒப்பிட்டு, உரிமையாளருக்கு ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கலாம். விரிந்த பைகளைப் பற்றிய பதிவேடொன்றை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் திறக்கலாம். பொலிஸாரின் விபத்து அறிக்கையில் 'பை விரிந்ததா, மோதலுக்கு முன்னா பின்னா' என்று ஒரு வரி சேர்க்கலாம்.

அதுவரை உரிமையாளரே செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஜப்பானிய நிறுவனங்களின் இணையத்தளங்களில் அடிச்சட்ட இலக்கத்தைக் கொடுத்தால், திருத்தம் நிலுவையில் உள்ளதா என்று தெரியும். ஜப்பானிய மொழி தெரியாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கைத்தொலைபேசியைக் கொடுக்கட்டும். அந்தப் பிள்ளைகளை மட்டும் முன்னாசனத்தில் மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். 2024 செப்டெம்பரில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் தாயின் மடியிலிருந்த இரண்டு வயதுக் குழந்தை இறந்தது, மோதலில் விரிந்த பையினால். அந்தப் பை பழுதற்றது.