கணக்கில் வராத கைகள்

பள்ளிப் பூகோளத்தில் நாம் எல்லோரும் படித்த பாடம்தான். வட அமெரிக்காவின் நடுவே பிரெய்ரிப் புல்வெளி, மழை குறைவு, குளிர் கடுமை, உலகின் கோதுமைக் களஞ்சியங்களுள் ஒன்று. ஐந்து மதிப்பெண் வினாவுக்கு இவ்வளவு எழுதினால் போதும். அந்தக் களஞ்சியத்தை நிரப்பியவர் யார் என்று மட்டும் எந்தத் தேர்விலும் எவரும் கேட்டதில்லை. ‘விவசாயி’ என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாமே என்பீர்கள். அந்த ஒரே சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

கனடாவின் மானிடோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா ஆகிய மூன்று மாகாணங்களை எடுத்துக்கொள்வோம். 1872ஆம் ஆண்டின் நிலச் சட்டம், பத்து டாலர் கட்டணம் கட்டியவருக்கு 160 ஏக்கர் தருவதாகச் சொல்லிற்று. மூன்று ஆண்டுகள் குடியிருந்து, வீடு கட்டி, ஒரு பகுதியையாவது உழுது பயிரிட்டால் நிலம் சொந்தம். அது வெறுமனே கிடந்த நிலமன்று. அங்கே வழிவழியாக வாழ்ந்த பழங்குடி மக்களை ஒப்பந்தங்களின் பேரால் ஒதுக்கிடங்களுக்குள் தள்ளிய பிறகே அது ‘இலவச’ நிலமாயிற்று. அந்தத் துயரம் தனிக் கட்டுரைக்கு உரியது.

பதினெட்டு வயது நிரம்பிய ஆண் எவரும் மனுச் செய்யலாம். பெண்ணோ, குடும்பத்துக்குத் தானே தலைவியாக இருந்தால் மட்டுமே கேட்கலாம்; அதாவது, பெரும்பாலும் பிள்ளைகளையுடைய கைம்பெண்ணாக இருக்க வேண்டும். மணமாகாதவளுக்கும் கிடையாது, மனைவிக்கும் கிடையாது. ஜார்ஜினா பின்னி கிளார்க் என்ற ஆங்கிலப் பெண்மணி சஸ்காச்சுவானில் விலை கொடுத்து நிலம் வாங்கித் தாமே கோதுமை பயிரிட்டார். அந்த அனுபவத்தை 1914இல் நூலாகவும் எழுதினார். ஆண்களைப் போலப் பெண்களுக்கும் நிலம் தர வேண்டுமென்று அவர் வாதாடினார். சட்டம் இறங்கி வரவில்லை.

இனி அந்த 160 ஏக்கருக்குள் நுழைந்து பார்ப்போம். அரை மைல் நீளம், அரை மைல் அகலம். நில அளவையாளர் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுத்ததால் ஊர் என்று ஒன்று அமையவில்லை. அவரவர் வீடு அவரவர் வயலுக்குள். பேச்சுத் துணைக்கு மற்றொரு பெண்ணைப் பார்க்க ஒரு மைல் நடக்க வேண்டியிருந்தது. மரமில்லாத வெளியில் முதல் வீடு பலருக்கும் மண்வீடுதான். புல்லும் வேருமாகப் பின்னிய தரையைக் கலப்பையால் கீறி, செங்கல் போல் வெட்டி அடுக்குவார்கள். வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே கூரை சொட்டிக்கொண்டிருக்கும்.

கோதுமையின் கணக்கு எளிது. பனி உருகியதும் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ விதைப்பு. ஆகஸ்ட், செப்டம்பரில் அறுவடை. இடையில் உறைபனி ஒரு நாள் முந்திக்கொண்டால் ஆண்டு முழுவதும் பட்ட பாடு வீண். அதனால்தான் சார்லஸ் சாண்டர்ஸ் தேர்ந்தெடுத்த ‘மார்க்விஸ்’ கோதுமை, பழைய ரகத்தைவிட ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாக விளைந்தது என்பது அங்கே பெரிய செய்தியாயிற்று. அந்த மார்க்விஸின் தாய் தந்தையருள் ஒன்று நம் நாட்டிலிருந்து போன ‘ஹார்ட் ரெட் கல்கத்தா’ என்ற கோதுமை! நம் பாடப் புத்தகம் இதையும் சொல்லியிருக்கலாம்.

ஆனால் கோதுமைப் பணம் ஆண்டுக்கு ஒரு முறை வருவது. மற்ற நாட்களில் அடுப்பு எரிந்தது எதனால்? இங்கேதான் அந்த வீட்டுப் பெண் வருகிறாள். விடியுமுன் மாட்டுத் தொழுவம். கறந்த பாலைச் சுமந்து வந்து, பாலேடு பிரிக்கும் இயந்திரத்தில் ஊற்றிக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ஏடு ஒரு பக்கம் வடியும். ஏடெடுத்த பால் கன்றுக்கும் பன்றிக்கும் போகும். பிறகு அந்த இயந்திரத்தின் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வெந்நீரில் கழுவ வேண்டும். ஒரு நாள் விட்டாலும் நாறிவிடும். பாலேட்டுத் தகரக் குடத்தைப் புளிக்காமல் கிணற்றின் குளிர்ச்சியில் தொங்கவிட்டு, ரயில் நிலையத்துக்கு அனுப்புவார்கள். முட்டைகள் கடைக்குப் போகும். அவற்றுக்கு ஈடாகத் தேயிலை, சர்க்கரை, துணி வரும். ‘பாலேட்டுக் காசு’, ‘முட்டைக் காசு’ என்றே அங்கே அதற்குப் பெயர். பெயரைக் கேட்டால் ஏதோ சில்லறைக் காசு போலத் தோன்றும். வீட்டின் மளிகைக் கடன் அந்தச் சில்லறையில்தான் அடைந்தது.

இதோடு முடிந்ததா? ரொட்டி சுடுவது, தோட்டம் போடுவது, உருளைக்கிழங்கை நிலவறையில் சேர்ப்பது, காய்கனிகளைக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்துக் குளிர்காலத்துக்கு வைப்பது, மாவுச் சாக்கைப் பிரித்துப் பிள்ளைகளுக்கு உடை தைப்பது என்று பட்டியல் நீளும். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே நாற்பது டிகிரி வரை இறங்கும் நாட்களில், துணி துவைக்கப் பனியை அள்ளி வந்து உருக்க வேண்டும். பனிப்புயலில் வழி தவறாமலிருக்க வீட்டுக்கும் தொழுவத்துக்கும் நடுவே கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு பால் கறக்கப் போனவர்கள் உண்டு.

அறுவடைக் காலம் வந்தால் கதிரடிக்கும் இயந்திரத்தோடு பதினைந்து, இருபது ஆட்கள் வருவார்கள். காலை உணவு, முற்பகல் சிற்றுண்டி, மதிய உணவு, பிற்பகல் சிற்றுண்டி, இரவு உணவு என ஐந்து வேளை. வேலை முடியும் வரை அத்தனை பேருக்கும் சமைத்துப் போட வேண்டும். கதிரடித்தவனுக்குக் கூலி உண்டு. அவனுக்குச் சோறு போட்டவளுக்கு?

பிள்ளைகளையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வசந்தத்திலும் உறைந்து இளகும் மண் புதிய கற்களை மேலே தள்ளும். அவற்றைப் பொறுக்குவது சிறுவர் வேலை. பயிரைத் தின்னும் தரையணில்களைப் பிடித்து வாலைக் கொடுத்தால் ஒரு வாலுக்கு ஒரு சென்ட் கிடைத்தது. பல பையன்களின் முதல் சம்பாத்தியம் அதுதான்.

1930களின் வறட்சி இந்தப் பண்ணைகளை உலுக்கிற்று. மேல்மண் காற்றோடு பறந்தது. வெட்டுக்கிளி மிச்சத்தைத் தின்றது. ஒரு டாலருக்கு மேல் விற்றிருந்த ஒரு புஷல் கோதுமை 1932 இறுதியில் நாற்பது சென்ட்டுக்கும் கீழே போயிற்று. பெட்ரோல் வாங்க வழியின்றி, மோட்டார் காரின் இயந்திரத்தை எடுத்துவிட்டுக் குதிரையைப் பூட்டி ஓட்டினார்கள். அதற்கு அன்றைய பிரதமரின் பெயரால் ‘பென்னட் வண்டி’ என்று கேலிப் பெயர். கோதுமை கைவிட்ட அந்த ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்களைத் தாங்கியவை நான்கு மாடுகளும் கொஞ்சம் கோழிகளுமே. அப்படியானால் பண்ணையை நடத்தியது யார்?

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, “கணவன் மனைவிக்குள் என்ன கணக்கு? இருவரும் ஒரே குடும்பம்தானே?” என்றார். நல்ல கேள்விதான். குடும்பம் ஒன்றாக இருக்கும் வரை இந்தக் கணக்கு தேவைப்படுவதில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். பிரியும் நாளில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு வழக்கே சான்று.

ஆல்பர்ட்டாவில் மாட்டுப் பண்ணை நடத்திய குடும்பம். ஐரீன் மர்டாக் 1943இல் மணந்தவர். வைக்கோல் வாருவது, லாரியும் டிராக்டரும் ஓட்டுவது, மாட்டுக்கு ஊசி போடுவது, சூடு வைப்பது எல்லாம் அவர் செய்தார். கணவர் வேறு வேலையாக ஆண்டில் ஐந்து மாதம் வெளியே இருந்தபோது பண்ணையைப் பார்த்துக்கொண்டவரும் அவரே. 1968இல் பிரிந்தபின் சொத்தில் பங்கு கேட்டார். எந்தப் பண்ணை மனைவியும் செய்யும் வேலையைத்தானே இவரும் செய்தார் என்பது விசாரணை நீதிபதியின் எண்ணம். 1973இல் கனடாவின் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அவருக்குப் பங்கில்லை என்றனர். மாறுபட்டவர் போரா லாஸ்கின் ஒருவரே. அவர் பின்னர் தலைமை நீதிபதியானார்.

அந்த வாதத்தைச் சற்றே திருப்பிப் பாருங்கள். எல்லாப் பெண்களும் செய்கிறார்கள், ஆகவே அது வேலையாகாது! எல்லா ஆண்களும் உழுகிறார்கள் என்பதற்காக உழவுக்குப் பயனில்லை என்று எவரேனும் தீர்ப்பெழுதியதுண்டா?

இத்தனைக்கும் கனடாவிலேயே முதலில் பெண்களுக்கு மாகாண வாக்குரிமை தந்தவை இந்த மூன்று மாகாணங்கள்தாம், மூன்றும் 1916இல். வாக்குச் சீட்டு கைக்கு வந்த பிறகும் நிலம் வர அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. மர்டாக் தீர்ப்பைக் கேட்டு நாடெங்கும் பெண்கள் கொதித்தெழுந்தனர். 1978இல் சஸ்காச்சுவானைச் சேர்ந்த ராத்வெல் என்ற விவசாயத் தம்பதியர் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் மனைவிக்குப் பாதிப் பங்கு உண்டென்றது. அதே ஆண்டில் ஆல்பர்ட்டா தம்பதியர் சொத்துச் சட்டத்தை இயற்றிற்று.

சட்டம் திருந்தியும் கணக்கெடுப்பு திருந்தவில்லை. கனடாவின் வேளாண்மைக் கணக்கெடுப்பில் ஒரு பண்ணைக்கு நடத்துநர் என ஒரே ஒரு பெயர்தான் எழுத முடியும். 1991இல்தான் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களை எழுத இடம் விட்டார்கள். உடனே என்ன தெரிந்தது? நடத்துநர்களில் நான்கில் ஒருவர் பெண்! அவர்கள் அந்த ஆண்டில் புதிதாக வயலில் இறங்கியவர்களா என்ன? படிவத்தில்தான் அதுவரை கட்டமில்லை.

இன்று அந்தச் சிறு பண்ணைகளும் அருகிவிட்டன. சஸ்காச்சுவானில் 1936இல் ஒரு லட்சத்து 42 ஆயிரம் பண்ணைகள் இருந்தன. 2021 கணக்கெடுப்பில் 34 ஆயிரம்தான். சராசரிப் பரப்பு 1,700 ஏக்கருக்கு மேல். பாலேட்டுக் குடங்கள் பழம்பொருளாகிவிட்டன. கனடா முழுவதிலும் பண்ணை நடத்துநருள் ஏறத்தாழ பாதிப் பேர் வெளி வேலைக்கும் போய்ச் சம்பாதிக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலும் மருத்துவமனையிலும் வேலை பார்த்துவிட்டு, சம்பளத்தோடு மாலையில் பண்ணைக்குத் திரும்பும் பெண்கள் அங்கே ஏராளம். டிராக்டர் தவணை கட்டுவதற்கு அந்தச் சம்பளமும் எடுக்கப்படுகிறது. அதற்குப் பாலேட்டுக் காசு என்பது போல ஒரு பெயர்கூட இன்னும் யாரும் வைக்கவில்லை.