தந்தையின் பெயர்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தைக் களமாகக் கொண்டு, அவ்வூர்த் தெலுங்கின் மணம் கமழ எடுக்கப்பட்ட படம் ‘புஷ்பா’. சுகுமாரின் இயக்கத்தில் 2021 டிசம்பரில் வெளிவந்து, தமிழ் உட்படப் பல மொழிகளில் ஓடியது. நாயகனாக நடித்த அல்லு அர்ஜுனுக்கு அவ்வாண்டின் சிறந்த நடிகருக்கான தேசிய விருதும் கிட்டியது. ஒரு தோளை உயர்த்தி அவர் நடக்கும் நடையை நம் வீட்டுச் சிறுவர்களும் பழகிக்கொண்டார்கள். ஆகவே, அந்தத் தோளுக்குப் பின்னால் உள்ள கதையைப் பெற்றோர் அறிந்திருப்பது நலம்.

செம்மரக் காட்டில் கூலியாகத் தொடங்கிக் கடத்தற்காரர் தலைவனாக உயர்கிறான் புஷ்பராஜ். எவருக்கும் பணிவதில்லை என்பது அவன் விரதம். ஆனால் நெஞ்சில் ஆறாத புண் ஒன்று உண்டு. அவன் தாயைத் தந்தை ஊரறிய மணந்துகொள்ளவில்லை. தந்தையின் குடும்பப் பெயரைத் தாங்கும் உரிமையை மூத்தாள் மக்கள் மறுக்கிறார்கள். அவனுடைய நிச்சயதார்த்தச் சபையிலேயே அண்ணன் வந்து, தாயையும் மகனையும் அவமதிக்கிறான்.

படத்தில் கத்திக்கு அஞ்சுகிறவர் பலர் வருகிறார்கள். எனினும், ஊர்ப் பேச்சுக்கு அஞ்சிப் பெற்ற மகனுக்குப் பெயர் நிலைக்கச் செய்யாத தந்தையே முதற்கோழை என்பது என் எண்ணம். அவர் காட்டாத துணிவுக்கு, மகன் ஆயுள் முழுதும் முரட்டுத்தனத்தால் ஈடு தேடுகிறான். 2024-இல் வந்த இரண்டாம் பாகத்தில், அண்ணன் மகளை ஆபத்திலிருந்து மீட்ட பின்னரே குடும்பம் அவனை ஏற்கிறது. அங்கும் ஆயுதமே பேசுகிறது என்றாலும், கதவைத் திறந்தது அப்பெண்ணுக்காக அவன் துடித்த துடிப்புத்தான்.

திரையில் கூலி தலைவனாகிறான். காட்டில் நடந்தது வேறு. 2015 ஏப்ரல் 7 அன்று, திருப்பதியை அடுத்த சேஷாசல வனத்தில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி ஆந்திரக் காவற்படையினர் சுட்டதில், தமிழகத் தொழிலாளர் 20 பேர் மாண்டனர். திருவண்ணாமலை முதலிய மாவட்டங்களின் ஏழைகள் அவர்கள். அவர்தம் பிள்ளைகளுக்குத் தந்தையின் பெயர் இருக்கிறது, தந்தை இல்லை.

பிழைப்பை நாடி அயல் மண்ணில் வாழும் நமக்கும் இக்கதையில் பங்குண்டு. தமிழ் மட்டுமே அறிந்த தாயைப் பள்ளி வாசலில் தோழர்க்குக் காட்டக் கூசும் மகன் நம்மிடையே உண்டு; ஊரிலிருந்து வந்த ஏழைத் தம்பியை விருந்தினர் கண்ணில் படாமல் மறைக்கும் அண்ணனும் உண்டு. நாலு பேர் நடுவே, “இவர் என்னைச் சேர்ந்தவர்” என்று சொல்லும் துணிவைப் பிள்ளைகளுக்கு நாம் பழக்குவோம். தோளை உயர்த்தும் நடையை அவர்கள் தாமே மறந்துவிடுவார்கள்.