நந்தனுக்கு எங்கே அடைக்கலம்?

பழமையைப் பாதுகாக்க வேண்டும் என்று யார் பேசினாலும் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: யாருடைய பழமை? கல்லுக்குக் காவல் போடுகிறவர்கள், அந்தக் கல்லைச் சுமந்தவனுடைய கதையை எங்கே வைத்திருக்கிறார்கள்?

கடலூரிலிருந்து சிதம்பரம் வரை கடலோரமாக ஒருதரம் போய்ப் பாருங்கள். தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையின் மிச்சம் கிடக்கிறது. 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுகிற தூரம் வரைக்கும் உள்ள கிராமங்களெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம் என்று பேச்சு. சுட்டார்கள், எடுத்துக்கொண்டார்கள். 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்தார்கள். வாங்கியவன், விற்றவன், இடித்தவன் பேரெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. குண்டு விழுந்த மண்ணை உழுதுகொண்டிருந்தவன் பேர் மட்டும் இல்லை.

தெற்கே பிச்சாவரம். சுற்றுலாப் படகில் ஏறினால் சுரபுன்னைக் காட்டைக் காட்டுவார்கள். 1975-இல் ‘இதயக்கனி’ படம் எடுத்த இடத்தைக் காட்டுவார்கள். அதே கால்வாயில் தண்ணீருக்குள் இறங்கி, வெறுங்கையால் துழாவி இறால் பிடித்து வயிறு கழுவுகிற இருளர் சனங்களை யார் காட்டுகிறார்கள்? எந்த மடுவில் எந்த நேரம் என்ன கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அது படிப்பு இல்லையா? அது பாரம்பரியம் இல்லையா?

அப்புறம் சிதம்பரம். நடராசர் கோயிலைப் பார்க்க உலகமே வருகிறது. நாம் பார்க்க வேண்டியது கோபுரத்தை மட்டுமல்ல, தெற்கு வாசலையும்தான். சுந்தரர் நந்தனைத் திருநாளைப்போவார் என்று பேரைச் சொல்லி வணங்கியதோடு சரி. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார்தான் விரிவாகப் பாடுகிறார். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவன், கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவன், தான் மட்டும் உள்ளே போக முடியாதவன். தில்லைக்கு வந்தவனுக்குத் தெற்கு மதில் வாசலுக்கு முன்னால் தீ வளர்த்தார்கள். தீயில் இறங்கி, பூணூலும் சடையுமாக முனிவனாக வெளியே வந்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். போனவன் திரும்பவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் பண்ணையார் வேதியரைக் கொண்டுவந்தார். நாற்பது வேலி நிலமும் ஒரே ராத்திரியில் விளைந்துவிடுகிறது. பறையன் உழைப்பும் கடவுள் கணக்கில் போய்விட்டது.

எரித்தார்களா, ஐக்கியமானானா என்று பக்தர்கள் வாதம் பண்ணட்டும். நாம் கேட்பது வேறு: உள்ளே போக ஒரு மனுசன் தன் உடம்பையும் பிறப்பையும் தீயில் போட வேண்டும் என்று விதி செய்தது யார்? நந்தன் நுழைந்த வாசல் இதுதான், இதைச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள், திறந்துவிடு என்று 2010-இல் தீண்டாமை ஒழிப்பு முன்னணியினர் போராடினார்கள். 2022-இல் கனகசபையில் ஏறிக் கும்பிடுவதற்குக்கூட ஓர் அரசாணை வேண்டியிருந்தது.

கடலோரம், மதில், உள்ளே நுழைதல் — இந்த மூன்றும் சேர்ந்த இன்னொரு இடம் பசிபிக் கடலில் இருக்கிறது. ஹவாய்த் தீவில் ‘புவுஹோனுவா ஓ ஹோனவுனவு’. அடைக்கலத் தலம் என்று அர்த்தம். 1961 முதல் அமெரிக்க அரசு அதை வரலாற்றுப் பூங்காவாகப் பாதுகாக்கிறது. பழைய ஹவாயில் ‘கபு’ என்றொரு விலக்குச் சட்டம். பெண்கள் வாழைப்பழமும் பன்றிக்கறியும் தின்னக்கூடாது. ஆணோடு உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. தலைவன்மேல் குடியானவன் நிழல் படக்கூடாது. மீறினால் சாவு. நமக்கு விளக்கம் வேண்டியதில்லை, கேட்ட கதைதான். ஆனால், மீறியவன் தப்பியோடி இந்த மதிலுக்குள் கால் வைத்துவிட்டால், பூசாரி சடங்கு செய்து அவனை மன்னித்து அனுப்பிவிடுவான். 12 அடி உயரம், 18 அடி அகலம், சாந்து இல்லாமல் அடுக்கிய கருங்கல் மதில். அங்கே உள்ளே நுழைந்தவன் பிழைத்தான். இங்கே உள்ளே நுழைய நந்தன் சாக வேண்டியிருந்தது.

ஹவாயைச் சொர்க்கம் என்று சொல்லவில்லை. அங்கும் ‘கவுவா’ என்று ஒதுக்கப்பட்ட ஒரு கூட்டம் இருந்தது, தொட்டால் தீட்டு. பூர்வகுடி என்றாலே சமத்துவம் என்று நம்மை யாரும் ஏமாற்ற வேண்டாம். அந்தக் கபு எப்படிச் செத்தது தெரியுமா? 1819-இல் இளம் ராசா லிகோலிகோ பெண்களின் பந்தியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டான். அவ்வளவுதான். கூட உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு சாப்பாட்டில் சட்டம் உடைந்தது. சமபந்தி என்று வருசத்துக்கு ஒருநாள் கோயிலில் இலை போட்டுப் படம் எடுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே மறுநாளும் தடை திரும்பி வரவில்லை.

அந்தத் தீவுகளின் அரசியை 1893-இல் கவிழ்த்து, 1898-இல் நாட்டையே விழுங்கியது அமெரிக்கா. விழுங்கியவனே இன்று காவல்காரன். ஆனாலும் அதே கரையில் உள்ள கலோகோ-ஹோனோகோஹவுவில், பூங்கா எப்படி இருக்க வேண்டும் என்று 1974-இல் அறிக்கை எழுதிய குழுவில் பூர்வகுடிகளே பெரும்பான்மை. 1978-இல் பூங்கா வந்தது. முன்னோர் கட்டிய மீன்குளங்களின் கற்சுவரை மறுபடி எடுத்துக் கட்டுகிறார்கள். அடி வாங்கி, போராடி, தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் இடத்தைப் பிடித்தார்கள்.

நமக்கும் இடங்கள் இருக்கின்றன. நந்தன் தீக்குளித்த இடம் என்று சொல்லப்படும் ஓமக்குளம் இருக்கிறது. அங்கே சுவாமி சகஜானந்தர் 1916-இல் தொடங்கிய நந்தனார் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த அந்த மனிதர், நந்தனைத் தீயிலிருந்து எடுத்துப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார். நந்தன் கேட்டது தரிசனம்; சகஜானந்தர் கொடுத்தது எழுத்து. சேரிப் பிள்ளைகளுக்கு இந்தக் கடலோரத்தில் கிடைத்த அடைக்கலத் தலம் அதுதான். அங்கே படித்து வெளியே வந்த எவனும் தன் பிறப்பை எரிக்க வேண்டியிருக்கவில்லை.

மணிமண்டபம் கட்டி, சிலைக்கு மாலை போட்டுவிட்டுப் போனால் போதாது. நாம் கேட்பது: தெற்கு வாசலில் நந்தனுக்கு நடந்தது என்ன என்று கல்லில் எழுதி வை. விலக்கியதையும் சேர்த்துச் சொல்வதுதான் வரலாறு. ஓமக்குளத்தையும் பள்ளியையும் வரலாற்றுச் சின்னமாக அறிவி. பிச்சாவரத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் இருளருக்கு நாற்காலி போடு. படகுத் துறையில் அவர்களுக்குப் பங்கு கொடு.

மாணவத் தோழர்களே, அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். நந்தனாரில் படித்த கிழவர்கள் இன்னும் சில பேர் நம் சேரிகளில் இருப்பார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருங்கள். யார் சோறு போட்டது, யார் அடித்தது, எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், எல்லாவற்றையும் அவங்க பேசுற பேச்சிலேயே எழுதுங்க. அவங்க போய்ட்டா அதுவும் போயிடும்.