0.00-க்குப் பிறகுதான் பாடம்

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக செஸ் சாம்பியன் போட்டியின் 14-ஆவது, கடைசி ஆட்டம். குகேஷும் டிங் லிரெனும் தலா ஆறரைப் புள்ளியில் இருந்தார்கள். பலகையில் இருவருக்கும் ஒரு ரூக், ஒரு பிஷப்; குகேஷிடம் ஒரு பான் கூடுதல். செஸ் எஞ்சின்கள் 0.00, அதாவது டிரா என்றே காட்டிக்கொண்டிருந்தன. டைபிரேக் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது. நேரம் கரைந்துகொண்டிருந்த நிலையில், 55-ஆவது நகர்த்தலில் டிங் தன் ரூக்கை எஃப்2-ல் கொண்டுவந்து வைத்தார்.

முதலில் ரூக்கை பி3-க்கு நகர்த்தவே நினைத்ததாக குகேஷ் பின்னர் சொன்னார். பிறகுதான் டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் மாட்டியிருப்பது அவர் கண்ணில் பட்டது. ரூக்கை வெட்டினார்; ராஜா திருப்பி வெட்டியதும் தன் பிஷப்பை டி5-ல் வைத்தார். மூலையில் நிற்கும் பிஷப்புக்கு ஒரே ஒரு மூலைவிட்டம்தான் உண்டு. அந்த வழியில் எங்கே நகர்ந்தாலும் வெட்டுதான். பிஷப் பரிமாற்றத்தைத் தவிர்க்க முடியவில்லை. மிஞ்சியது கறுப்பில் ஆடிய குகேஷுக்கு வெற்றி உறுதியான பான் எண்டிங். 58-ஆவது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

எஞ்சின் முன்பு காட்டிய 0.00 பொய்யல்ல. இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் டிரா என்பதே அதன் பொருள். ஆனால் டிராவைக் காக்கும் நகர்த்தல்கள் பத்து இருக்கின்றனவா, ஒன்றுதான் இருக்கிறதா என்பதை அந்த எண் சொல்வதில்லை. பத்து நகர்த்தல்கள் காப்பாற்றும் நிலையும் 0.00, ஒன்றே ஒன்று காப்பாற்றும் நிலையும் 0.00. பயிற்சியாளருக்கு இவை இரண்டும் வெவ்வேறு பாடங்கள்.

நம் சென்னையிலேயே இதற்குச் சான்று உண்டு. 2013 நவம்பரில் அண்ணா சாலை ஹயாத் ரீஜென்சியில் ஆனந்தும் கார்ல்சனும் மோதிய உலக சாம்பியன் போட்டியில், ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்கள் இரண்டுமே ரூக் எண்டிங்கில் முடிவாயின. ஐந்தாவதில் 45-ஆவது நகர்த்தலில் ஆனந்த் ரூக்கை சி1-க்குக் கொண்டுபோய் செக் கொடுத்தார்; ஏ1-க்குப் போயிருந்தால் டிராவுக்கு வழி இருந்தது என்பது பின்னர் நடந்த ஆய்வுகளின் முடிவு. மறுநாள் ஆறாவதில், 60-ஆவது நகர்த்தலில் வெள்ளையில் ஆடிய ஆனந்த் பானை பி4-க்குத் தள்ளியிருந்தால் டிரா கிடைத்திருக்கும். ரூக் ஏ4-க்குப் போனது. ஐந்து முறை உலக சாம்பியனான ஒருவர் அடுத்தடுத்து இரண்டு நாள் தடுமாறினார் என்றால், அந்த நிலைகளில் மனிதக் கண்ணுக்கு எளிதில் எட்டாத ஏதோ இருக்கிறது. அதைத் தோண்டி எடுப்பதே ஆய்வு. 'பிழை' என்று சிவப்பில் குறித்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குத் தாவுவது ஆய்வாகாது.

எஞ்சின் காட்டும் எண்ணின் பொருளும் மாறிவிட்டது. 2022 இறுதியில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 எஞ்சின் முதல், +1.00 என்றால் ஒரு பான் கூடுதல் என்று பொருளில்லை. எஞ்சினே எஞ்சினோடு ஆடும்போது வெல்லும் வாய்ப்பு பாதி என்றே பொருள். அம்பத்தூரில் நடக்கும் ஒரு ரேப்பிட் போட்டியில், கடிகாரத்தில் இரண்டு நிமிடம் மிச்சம் வைத்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

சில காய்களே மிஞ்சிய நிலைகளை முன்கூட்டியே முழுதாகக் கணக்கிட்டு வைத்திருக்கும் டேபிள்பேஸ் வேறு வகை. ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்களுக்குள் வந்துவிட்டால் அங்கே மதிப்பீடு இல்லை, தீர்ப்புதான். மாஸ்கோவில் உருவான லொமொனொசவ் டேபிள்பேஸ் 2012-ல் ஏழு காய் நிலைகளை முடித்தது. அதன் அளவு சுமார் 140 டெராபைட். 2018-ல் ஏழு காய்களை எட்டிய சிசிஜி என்ற டேபிள்பேஸ் அதே நிலைகளை 20 டெராபைட்டுக்குள் அடக்கியது. ஐந்து காய் சிசிஜி ஒரு ஜிகாபைட்டுக்குள் அடங்கும். எந்தப் பயிற்சி மையத்தின் பழைய மடிக்கணினியிலும் அதை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: சிசிஜி கணக்கிடுவது மேட்டுக்கான தூரத்தை அல்ல. ஐம்பது நகர்த்தல் விதியை மனத்தில் வைத்து, அடுத்த பான் நகர்வோ வெட்டோ எத்தனை நகர்த்தலில் வரும் என்பதையே அது பார்க்கிறது. அதனால் அது முதலிடத்தில் காட்டும் நகர்த்தல், காரணமே இல்லாமல் ஒரு காயைத் தாரைவார்ப்பதுபோலத் தெரியலாம். பிள்ளைகளுக்கு அதை 'சரியான வழி' என்று மனப்பாடம் செய்யவைப்பது தவறு.

எஞ்சினை எப்போது திறக்க வேண்டும் என்பதில் நம் பகுதிக்கே ஒரு முன்மாதிரி இருக்கிறது. மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் பள்ளியில் படித்த குகேஷை, கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா எஞ்சினைத் தள்ளிவைத்தே வளர்த்தார். அப்படி வளர்ந்த பையன்தான் 2019 ஜனவரியில், 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆனான். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே முறை பலிக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சிங்கப்பூரில், எல்லோரும் டிரா என்று முடிவுகட்டிய நிலையை விடாமல் ஆடிய பிடிவாதத்துக்கும் அந்த வளர்ப்புக்கும் தொடர்பு உண்டு என்றே இந்த இதழ் கருதுகிறது.

கரையான்சாவடியிலும் பூந்தமல்லியிலும் ஆவடியிலும் மாலை வகுப்பு எடுக்கும் பயிற்சியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வகுப்பில் சென்னை ஆறாவது ஆட்டத்தை, வெள்ளையின் 60-ஆவது நகர்த்தலுக்கு முன் நிறுத்திப் பலகையில் அடுக்குங்கள். கணினி மூடியே இருக்கட்டும். பிள்ளைகள் தங்கள் நகர்த்தலையும் அதற்கான காரணத்தையும் நோட்டில் எழுதட்டும். பிறகு எஞ்சினைத் திறந்து, ஒரு வரிக்குப் பதில் நான்கைந்து வரிகளைக் காட்டச் செய்யுங்கள். எத்தனை நகர்த்தல் டிராவைக் காக்கிறது, மற்றவை எந்த இடத்தில் உடைகின்றன என்று அவர்களே எண்ணட்டும். கடைசியாக, அதே நிலையில் வெள்ளைக் காய்களை அவர்களிடம் கொடுத்து எஞ்சினுக்கு எதிராகவே ஆடவிடுங்கள். டிரா எடுத்துவிட்ட பிள்ளையின் நோட்டை எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.