கமக்காரனைக் கேட்கும் சட்டம் நோயாளியைக் கேளாதா?

இரணைமடுவின் கதவுகளைத் திறக்குமுன் பொறியியலாளர் கமக்காரரைக் கேட்டாக வேண்டும். எந்நாளில் நீர் விடுவது, எத்தனை ஏக்கர் விதைப்பது என்பனவற்றைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே தீர்மானிக்கிறார்கள். 1946 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் அக்கூட்டத்துக்கு இடமளித்திருக்கிறது. கமக்காரன் பொறியியல் கற்றவனா என்று அங்கே எவரும் வினவுவதில்லை. நீர் வராவிட்டால் கருகுவது அவன் வயல், அத்தகுதி போதும்.

அதே கமக்காரன் மனநோயுற்றால் அவன் சொல்லுக்கு மதிப்பென்ன?

ஜெயபுரத்தில் வாழும் ஒருவனை எண்ணிப் பாருங்கள். கிளிநொச்சிக்குப் போய் மருந்து பெற்று மீள ஒரு பகல் கழியும். விதைப்புக் காலத்தில் அந்தப் பகலுக்கு அவன் எங்கே போவான்? ஊசி ஏற்றிய பின் கை நடுங்கினால் மண்வெட்டி பிடிப்பதெப்படி? குளிசை தரும் அயர்வோடு பன்றிக் காவலுக்குக் கொட்டிலில் விழித்திருப்பதெப்படி? அவன் மருந்தை நிறுத்துகிறான். 'ஒழுங்காக மருந்து உட்கொள்ளாதவர்' என்று கிளினிக் கொப்பியில் எழுதிவிடுவது எளிது. ஏன் நிறுத்தினாய் என்று கேட்பதற்குத்தான் ஆளில்லை!

2009 இல் போர் ஓய்ந்தபின் வன்னி மக்கள் முட்கம்பிக்குள் அடைபட்டிருந்தார்கள். வீடு கட்டவும் வீதி போடவும் அனுமதி தந்த அதிகாரம், உளவளப் பணிகளுக்குத் தடை போட்டது. இம்மக்களின் மனத்துக்கு எது வேண்டும் என்பதை அன்றும் பிறரே தீர்மானித்தார்கள். 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரம் அமர்ந்தார்கள். அவர்கள் கேட்டது நித்திரைக் குளிசையையா? பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு விடையையல்லவா கேட்டார்கள்! எது நோய், எது நீதி மறுக்கப்பட்டதால் வந்த துயர் என்று பிரித்தறிய அத்தாய்மாரைக் கேளாமல் எந்த நிபுணராலும் இயலாது.

சட்டத்தைப் பார்ப்போம். 2016 பெப்ரவரியில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ. நா. சமவாயத்தை இலங்கை உறுதிப்படுத்தியது. நீண்டகால மனநலக் குறைபாடு உடையோரும் அதற்குள் அடங்குவர். அவர்களைப் பற்றிய முடிவுகளில் அவர்களது அமைப்புகளை நெருங்கிக் கலந்தாலோசித்து ஈடுபடுத்த வேண்டும் என்கிறது அதன் 4 ஆம் உறுப்புரை. கொழும்பு கையொப்பமிட்ட பத்திரங்களின் கதி தமிழர் அறியாததன்று. அப்போது மனநோயாளரை ஆண்ட சட்டமோ 1873 இல் வெள்ளையன் இயற்றியது! அடைத்து வைப்பதற்கு அதில் வழியுண்டு. அடைபட்டவனின் ஆலோசனைக்கு இடமில்லை. அயல்நாடான இந்தியா 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தால், மனநோயை அனுபவித்தோரின் பிரதிநிதிகளுக்கு மனநல அதிகார சபைகளில் ஆசனம் அளித்துவிட்டது.

'நோயாளிக்கு மருத்துவம் தெரியுமா?' என்பர் சிலர். மருந்துச் சீட்டை அவன் எழுதட்டும் என்று நாம் கூறவில்லை. மதகைக் கமக்காரனா கட்டுகிறான்? ஆயினும் கடைமடைக்கு நீர் எட்டவில்லை என்பதை அவனன்றி யார் உரைப்பர்?

எனவே நாம் கேட்கிறோம்: மாவட்ட மனநல சேவையைத் திட்டமிடும் ஒவ்வொரு கூட்டத்திலும் நோயை அனுபவித்தோருக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் வாக்குரிமையுள்ள ஆசனம் வேண்டும். பேருந்துச் செலவும் அன்றைய கூலியும் கொடுபட வேண்டும். கூலியை இழந்து எவர் வருவார்? கூட்டக் குறிப்பு தமிழில் அமைய வேண்டும். ஜெயபுரத்து மக்களுக்கு எந்தக் கிழமையில், எவ்விடத்தில் கிளினிக் நடத்துவது என்பதை, வரும் காலபோக விதைப்புக்கு முன்னரே அவர்களை அழைத்துக் கேளுங்கள்.