பைலட் பயிற்சிக்கு எது சரி: முள் காட்டும் விமானமா, திரை காட்டும் விமானமா?

ஓசூருக்குப் பன்னாட்டு விமான நிலையம் என்ற அறிவிப்பு 2024 ஜூனில்தான் வந்தது. ஆனால், ஓசூருக்கும் விமானத்துக்குமான உறவு பழசு. பெங்களூருவின் என்.ஏ.எல். வடிவமைத்த இரண்டு இருக்கை பயிற்சி விமானமான ஹன்சா-3, ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் உள்ள தனேஜா ஏரோஸ்பேஸ் ஆலையில்தான் தயாரானது.

அந்த ஹன்சாவில் வேகம், உயரம், சாய்வு எல்லாவற்றுக்கும் தனித்தனி வட்ட மீட்டர்கள். 2021 செப்டம்பரில் முதன்முறையாகப் பறந்த புதிய ஹன்சா-என்ஜி-யில் அவை போய், டிஜிட்டல் திரைகள் வந்துவிட்டன. இதற்குப் பெயர் 'கிளாஸ் காக்பிட்'. கண்ணாடிக் கூண்டு என்று நினைத்துவிட வேண்டாம்!

சரி, மாணவருக்கு எது நல்லது?

ஏர்பஸ், போயிங் ஓட்டப்போகிறவருக்குத் திரைதான் என்பது ஒரு வாதம். மகாராஷ்டிராவின் அமராவதியில் அமையும் பயிற்சிப் பள்ளிக்கு ஏர் இந்தியா ஆர்டர் செய்த 34 விமானங்களும் கிளாஸ் காக்பிட் கொண்டவையே.

மறுபக்கம், முள்மீட்டரில் பழகியவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, விமானம் எப்படிப் பறக்கிறது என்பதை மனதுக்குள் தானே சேர்த்துக்கொள்ள வேண்டும். திரை அந்த வேலையைச் செய்து கொடுத்துவிடுகிறது. அதனால்தான் முள்ளிலிருந்து திரைக்கு மாறுவது சுலபம், திரும்பி வருவது கஷ்டம் என்கிறார்கள் பயிற்சியாளர்கள் பலர்.

அதற்காக முள்மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. காற்றை உறிஞ்சும் பம்ப் பழுதானால், சாய்வு காட்டும் மீட்டர் சத்தமில்லாமல் மெல்லத் தப்பாகக் காட்ட ஆரம்பிக்கும். மேகத்துக்குள் இருக்கும்போது இது உயிருக்கே ஆபத்து. திரையில் பெரும்பாலும் சிவப்பு பெருக்கல் குறி விழுந்து எச்சரித்துவிடும்.

அப்போ திரைதான் பாதுகாப்பா? அங்கேதான் சிக்கல். 2002 முதல் 2006 வரை தயாரான 8,000-க்கும் மேற்பட்ட சிறிய விமானங்களை அமெரிக்காவின் என்.டி.எஸ்.பி. ஆராய்ந்து, 2010-ல் அறிக்கை வெளியிட்டது. திரை விமானங்களில் மொத்த விபத்து விகிதம் குறைவு. உயிர்ப்பலி விபத்து விகிதமோ அதிகம். அவை நீண்ட தூரப் பயணங்களுக்கு அதிகம் பயன்பட்டதும் உண்மைதான். ஆனாலும், ஒவ்வொரு நிறுவனத்தின் திரையும் ஒவ்வொரு மாதிரி, பொதுவான பயிற்சி போதாது என்றது அந்த அமைப்பு.

இந்தியாவில் வணிக பைலட் உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். பல லட்சம் கட்டும் பெற்றோர், விமானம் புதுசா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. திரை அணைந்தால் என்ன செய்வது என்பதை அந்த 200 மணி நேரத்தில் எத்தனை முறை பழக்குவீர்கள் என்றும் கேட்க வேண்டும்.